கொழிஞ்சியின் மறுமுனை

செடி என்னவோ ஒரு சாண்தான். எல்லாம் கருகிப்போன கரட்டு மேட்டில் அது மட்டும் ஊதாப் பூ வைத்து நின்றது. பூங்கொடி இலை நுனியைப் பிடித்து இழுத்தாள். அம்பு முனைபோலக் கிழிந்து வந்தது. கொழிஞ்சியேதான். தான் தாவரவியல் நடத்தும் கல்லூரியின் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முழு வேரும் அறுபடாமல் வேண்டுமென்று, கணவன் செங்கோடனைக் கூட்டிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தாள்.

குழி அவள் தலையை விழுங்கிய பிறகும் வேர் அனுமார் வாலாகப் போய்க்கொண்டே இருந்தது. மேலே நின்று மண்கூடையை இழுத்துக் கொட்டிய செங்கோடன், "போதும் புள்ள, மேல வா" என்றான்.

"இருங்க, நூலாட்டம் மெலிஞ்சிருச்சு. இன்னுங் கொஞ்சந்தான்."

வேரை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மண்ணைச் சுரண்டினாள். அதற்குக் கீழே வேர் தடித்திருந்தது. இன்னும் கீழே விரல் பருமன். பக்கவேர்களெல்லாம் மேல்நோக்கிப் பிரிந்திருந்தன, அடியில் எங்கோ இன்னொரு செடி தலைகீழாக நின்று வேர்விட்டதுபோல.

அவள் கை நின்றது. சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

பிறகு அதுவும் நின்று, வேர் லேசாக ஆடியது. யாரோ அறுந்துவிடாமல், இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்ப்பதுபோல.

பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். கூடைக் கயிற்றைப் பிடித்தபடி செங்கோடன் உதடு அசையாமல் நின்றிருந்தான். அவன் குரல் அவள் காலடி மண்ணுக்குள்ளிருந்து கேட்டது.

"போதும் புள்ள, மேல வா."