முதல் கேள்வி

"கால்ல புண்ணு எத்தனை நாளா இருக்குங்கய்யா?"

"எனக்குக் கால்ல புண்ணே இல்லையே" என்றது கட்டிலில் கிடந்த பொம்மை.

நர்சிங் மாணவிக்குக் குப்பென்று வியர்த்தது. நோயாளியிடம் விசாரித்து எழுதும் செய்முறைத் தேர்வு இது. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இன்றும் தவறினால் கூடப் படிப்பவர்கள் அடுத்த வருஷத்துக்குப் போவார்கள், இவள் மட்டும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

பொம்மையின் வாயில் ஒரு ஸ்பீக்கர். விக் மாட்டினால் அம்மா, கழற்றினால் ஐயா. கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நோயாளியாகப் பேசுவதும் மேடம்தான், மார்க் போடுவதும் மேடம்தான். பேரைக் கேட்காமல் ஆரம்பித்தால் அரை மார்க், முகத்தைப் பார்க்காமல் பேசினால் அரை மார்க் என்று குறைத்துத் தள்ளுவதால், பிள்ளைகளுக்கு அவர் 'அரைமார்க்' மேடம்.

இவளுக்கு முன்னால் போய்வந்த தோழி, "தாத்தா, சர்க்கரை, கால்ல புண்ணு. மேடம் கட்டைக் குரல்ல என்னமா நடிக்கிறாங்க தெரியுமாடி!" என்று காதைக் கடித்திருந்தாள். வெளியே காத்திருந்த நேரம் முழுக்க இவள் கால் புண்ணையே உருப்போட்டாள்.

விக் இப்போதும் ஜன்னலோரம்தான் கிடந்தது. ஆனால் வந்தது கட்டைக் குரல் இல்லை. விஷயம் கசிந்தது தெரிந்து மேடம் நோயையே மாற்றிவிட்டார், வசமாக மாட்டிக்கொண்டோம் என்று இவளுக்கு அழுகை முட்டியது.

"அப்போ... உங்களுக்கு என்னம்மா பண்ணுது?"

"மார்ல ஒரு கட்டி."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா. முதல்ல பட்டாணி மாதிரிதான் இருந்தது. இப்போ எலுமிச்சம்பழம் அளவு."

"வலிக்குதா?"

"வலிச்சிருந்தா பரவாயில்லையே. வலிக்காததாலதான் சும்மா இருந்துட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போவேன். திரும்பிடுவேன்."

"வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"



"யாரும் கேக்கல. நீதான் முதல்ல கேக்கற."

உருப்போட்டது ஒன்றும் உதவவில்லை. எப்படியும் தோற்றாயிற்று என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பொம்மையின் ரப்பர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்காம்மா?"

"ரொம்ப."

மணி அடித்தது. தாளை எடுத்துப் பார்த்தாள். முதல் கட்டமே காலி.

"அய்யோ, பேரைக் கேக்கவே மறந்துட்டேனே! உங்க பேரென்னம்மா?"

ஸ்பீக்கர் கரகரத்து அணைந்தது. கண்ணாடிக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. மேடம் நின்றிருந்தார், கையில் மார்க் தாள் இல்லை. முந்தானையை இழுத்து மார்போடு பிடித்திருந்தார்.

"என் பேரையே எழுதிக்கோம்மா."