எரு போடாத வயல்

“அம்மா, உந்த மனிசி என்னை நல்லா ஏமாத்திப் போட்டா!”

குசினிக் கதவைச் சாத்திய கையோடு தேனுஜா வெடித்தாள்.

“மெல்லக் கதை. வந்த மனிசி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறா,” என்றாள் கமலநாயகி, சொதியைச் சூடாக்கியபடி.

“அவவுக்குத் தமிழ் விளங்காது.”

“உன்ர மூஞ்சி விளங்குமே!”

விருந்தாளி எஸ்னாத், மலாவி நாட்டு விவசாயி. பிராங்பேர்ட்டில் நாளை நடக்கும் மாநாட்டில் பேச வந்திருக்கிறாள். ஹோட்டல் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்றதால் தேனுஜா வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள்.

காட்டை அழிக்காமல், உரமும் வாங்காமல், இருக்கிற துண்டு நிலத்திலேயே சிறு விவசாயி கூடுதலாக விளைவிப்பது எப்படி? இதுதான் தேனுஜாவின் ஆராய்ச்சி. சோளத்துக்கு இடையில் துவரை நட்டால் போதும், மண் தானாகத் தேறிவிடும், எருகூட வேண்டாம் என்பது அவள் கட்சி. எஸ்னாத்தின் வயலில் ஒரு மூலையில் நட்டுப் பார்த்தார்கள். முதல் போகத்திலேயே கதிர்கள் முழங்கை நீளத்துக்கு நின்றன. பேராசிரியர்கள் வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து தேனுஜாவின் கால் தரையில் படவில்லை.

சற்று முன்புதான் எஸ்னாத் கைபேசியில் ஊர்ப் படங்களைக் காட்டினாள். அதில் ஒன்றைப் பார்த்துக் கமலநாயகி, “இதென்ன, சனமெல்லாம் கூடையோட நிக்குது?” என்று கேட்டுத் தொலைத்தாள்.

தேனுஜா எட்டிப் பார்த்தாள். அவளுடைய சோதனை வயலேதான். கூடை நிறைய மாட்டெரு!

“எருவை அள்ளிக் கொட்டிப்போட்டு, துவரையாலதான் விளைஞ்சது எண்டு நம்ப வைச்சிருக்கினம். நாளைக்கு இதைக் காட்டித்தான் என்ர வேலையை இன்னொரு வருசத்துக்கு நீட்டச் சொல்லிக் கேக்க இருந்தனான். இனி என்னத்தைக் கேக்கிறது?”

“அப்ப ஒண்டும் பறையாமல் விடன்.”

“அம்மா!”

“சும்மா சொன்னனான். போய் அவவிட்டயே கேள்.”

இருவரும் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்கள். தேனுஜா ஆங்கிலத்தில் நேரடியாகவே கேட்டாள்.

எஸ்னாத் கொஞ்சமும் அசரவில்லை. “ஆமாம், எரு போட்டோம்.”

“போடக் கூடாது என்று அத்தனை தரம் சொன்னேனே!”

“அதனால்தான் நீ ஊருக்குப் போன பிறகு போட்டோம்.”

“என்னவாம்?” என்றாள் கமலநாயகி. தேனுஜா பல்லைக் கடித்தபடி மொழிபெயர்த்தாள். கமலநாயகி சிரிப்பை மறைக்கச் சொதிச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இவ்வளவு எரு உங்களிடம் ஏது?”

“என்னிடம் எங்கே இருக்கிறது? ஊரில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொட்டினார்கள்.”

“அப்போ அவர்களுடைய வயலுக்கு?”

“அந்தப் போகம் அவர்களுக்குக் கொஞ்சம் குறைந்துதான் விளைந்தது. பரவாயில்லை.”

தேனுஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கூடை எருவுக்கு அலைகிற ஊர் அது. அவளே கண்ணால் கண்டிருக்கிறாள்.

“துவரை சரிவராது என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே?”

“யார் சொன்னது? துவரை நல்லதுதான். ஆனால் மண் தேற நாலைந்து வருடமாவது பொறுக்க வேண்டும். உனக்குத்தான் ஒரே வருடத்தில் காட்ட வேண்டியிருந்தது.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வயலோரம் நின்று போனில் அம்மாவிடம் அழுதாயே! என்னவென்று கேட்டேன். இது விளையாவிட்டால் வேலை போய்விடும், வருடா வருடம் இதே பயம்தான் என்றாய்.”

எஸ்னாத் தேனுஜாவை இரக்கத்தோடு பார்த்தாள்.

“அன்றைக்கே ஊர்க்கூட்டம் போட்டோம். ‘நமக்கு நிலமாவது இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வருகிற இந்த ஏழைப் பெண்ணுக்கு நாம்தான் ஏதாவது உதவி செய்ய வேண்டும்’ என்று முடிவெடுத்தோம்.”