முந்தைய பிரதி

அந்த ஒரு வரியை அழிக்க அவளுக்கு இரண்டு விரல்கள் போதுமாயிருந்தன.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மறைந்தன. கீழிருந்த வரிகள் ஒரு படி மேலேறி, அங்கே எதுவுமே இருந்ததில்லை என்பதுபோல் நின்றுகொண்டன.

"இப்ப நான் சொல்றதை அடிம்மா."

மேலாளர் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னார். அவள் அடித்தாள்.

பாதுகாப்பு வால்வு நல்ல நிலையில் உள்ளது.

பதினோரு நாட்களுக்கு முன் அதே இடத்தில் வேறொருவர் நின்றிருந்தார். பாய்லர் பார்க்கும் வெள்ளைச்சாமி. தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள்.

வால்வு இறுகிவிட்டது. திறக்கவில்லை. உடனே மாற்ற வேண்டும்.

முடித்ததும், திரையைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டி, தம் பெயர் எது என்று கேட்டார். காட்டினாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று அச்சடித்த தாள் மேலாளரின் மேசைக்குப் போயிற்று. இப்போது அது எங்கும் இல்லை.

நான்கு நாட்களுக்கு முன் பாய்லர் வெடித்து வெள்ளைச்சாமி இறந்துபோனார். சர்க்கரை ஆலையின் சங்கு நேரங்கெட்ட நேரத்தில் ஊதியது.

வேலை நேரத்தில் வெள்ளைச்சாமி தூங்கிவிட்டார் என்கிறது ஆலை. நாளைக் காலை விசாரணை அதிகாரி வருகிறார்.

அவள் கட்டளைச் சாவியை அழுத்திப் பிடித்து, இரண்டு எழுத்துகளைத் தட்டிச் சேமித்தாள். கணினிப் பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபிளாப்பி உள்ளே முனகிவிட்டு அடங்கியது.

அந்த எழுத்துச் செயலிக்கு ஒரு குணம் உண்டு.

புதியதைச் சேமிக்கும்போது அது பழையதைக் கொன்றுவிடுவதில்லை. சற்றே ஒதுக்கி, அதே பெயரில், கடைசி மூன்று எழுத்துகளை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு முந்தைய பிரதி. மறுபடியும் சேமித்தால் அந்த இடத்துக்கு அடுத்தது வந்துவிடும். முன்பு இருந்தது போய்விடும்.

மனிதர் திருத்திவிட்டு வருந்துவார் என்று அறிந்த யாரோ, தொலைதேசத்தில் உட்கார்ந்து அதை எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு முறை வருந்துவதற்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

மதுரையில் ஆறு வாரப் பயிற்சியில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆலையில் வேறு யாருக்கும் தெரியாது. கணினி வந்து இறங்கிய அன்று அதற்குச் சந்தனம் வைத்தவர் மேலாளர்தான். அதன்பின் அவர் அதைத் தொட்டதில்லை.

"எதுக்கும் இன்னொரு தடவை சேவ் பண்ணிரும்மா."

போன மாதம் மின்சாரம் போய் ஆண்டறிக்கை முழுவதும் மறைந்துபோனது. அன்றிலிருந்து எதையும் இரண்டு முறை சேமிக்கச் சொல்வது அவர் வழக்கம். அவள் விரல்களை அவர் பார்ப்பதில்லை. விளக்கைப் பார்ப்பார். விளக்கு எரிந்தால் சேமித்தாயிற்று.

அவள் விரல் சேமிக்கும் எழுத்தின் மேல் நின்றது.

இன்னும் ஒரு தட்டு. அதற்குப் பின் வெள்ளைச்சாமி சொன்னது உலகில் எங்கும் இராது.

அதே ஃபிளாப்பியில் அவளுடைய பணி நிரந்தரக் கடிதமும் இருந்தது. தேதிக்கான இடம் மட்டும் வெறுமையாக. அதை அடித்தவளும் அவள்தான்.

"என்னம்மா, பெட்டி தூங்குதா?"

அவள் விரலை நகர்த்தி, பக்கத்து எழுத்தைத் தட்டினாள். சேமிப்பதற்கான எழுத்து அல்ல அது. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் கேட்பதற்கான எழுத்து.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபிளாப்பி முனகியது.

திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. வெள்ளைச்சாமியின் அறிக்கை, ஒரே பெயரில், இரண்டு இடங்களில் நின்றது.

அவர் குனிந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்ன, ரெண்டு இருக்கு?"

"ரெண்டு தடவை சேவ் பண்ணினோமே, சார்."

அவர் தலையசைத்தார். திருப்தியுடன் அவரே குனிந்து ஃபிளாப்பியை உருவி, காகித உறையிலிட்டு, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டு, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அவள் வெளியே வந்தாள்.

காலையிலிருந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். வெள்ளைச்சாமியின் மனைவி.

"எங்க வீட்டுக்காரர் தூங்குறவுக இல்லம்மா. அவுக சொல்லச் சொல்ல நீங்கதான் அடிச்சீகளாம்ல. அது இருக்காம்மா?"

"இருக்குக்கா."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அந்தப் பெட்டி தானாக எதையும் காட்டாது. இன்னது இருக்கிறது, திற என்று ஒருவர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தவர் இந்த ஆலையில் ஒரே ஒருவர்.

"அப்ப நாளைக்கு அந்த ஆபீசர்கிட்ட நீங்க சொல்லிருவீகளா?"

மூன்று மணிச் சங்கு ஊதத் தொடங்கியது. நீளமான சங்கு. அது முடியும்வரை யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சங்கு நின்றது.