ஜோடிச் சர்க்கரை

குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

எப்போதும் தெளிந்தே கிடக்கும் நீர் கலங்கியிருந்தது.

கை சுட்டது. கீழே வைக்க மனம் வரவில்லை.

வெந்நீரூற்றிலிருந்து அள்ளிவந்த நுண்ணுயிர்களில் மிஞ்சியது இந்த ஒரு குடுவைதான். கொதிக்கிற சூட்டில் வாழ்கிற ஜீவன்கள். ஒரு வருடமாகச் சாகவும் இல்லை, பெருகவும் இல்லை, அவளுடைய ஆராய்ச்சியைப் போலவே. இன்று சாயங்காலத்துக்குள் கொட்டிவிட்டு வேறு வேலையைப் பார் என்று பேராசிரியை கறாராகச் சொல்லியிருந்தார்.

ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

அடேயப்பா, எத்தனை!

அந்தச் சூட்டில் வேறெதுவும் வந்து ஒட்டிக்கொள்ள வழியில்லை. எல்லாம் அவளுடையவைதான்.

பக்கத்து மேசை செல்வின் தயங்கித் தயங்கி வந்து நின்றான். அவள் காய்ச்சலில் கிடந்தபோது இவற்றுக்குச் சர்க்கரை போட்டவன் அவன்தான்.

“கோதை, திட்டாத. நேத்து அவசரத்துல பாட்டில மாத்தி எடுத்துட்டேன். குளுக்கோஸுக்குப் பதிலா மால்டோஸ் போட்டுட்டேன்.”

மால்டோஸ். இரண்டு குளுக்கோஸ் கைகோத்து நிற்கிற சர்க்கரை.

அவளுக்குச் சுரீரென்றது.

சிரமப்படக் கூடாதே என்று ஒற்றைச் சர்க்கரையாகவே ஊட்டிவந்தாள். இவற்றின் மேலிருக்கும் பிடிகளோ ஜோடியாக வந்தால்தான் பற்றி உள்ளே இழுக்கும் போலிருக்கிறது. ஒற்றையாக வந்ததெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது.

செல்லம் கொடுத்தே பட்டினி போட்டிருக்கிறாள்.

“கொட்டியாச்சா?”

கதவருகே பேராசிரியை. உள்ளே வந்தவர் குடுவையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இது எப்படி? யார் பண்ணினது?”

செல்வின் இழுப்பறையைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தான்.

நான்தான் என்று சொன்னால் முடிந்தது. அவனைக் காட்டிக்கொடுத்ததாகவும் இருக்காது. வாய்வரை வந்துவிட்டது.

“செல்வின், மேடம். மாத்தி மால்டோஸ் போட்டுட்டான். அதுலதான் வளர்ந்திருக்கு. கட்டுரையில அவன் பேரும் வரணும்.”

இழுப்பறைச் சத்தம் நின்றது.

அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவன் பக்கம் திரும்பினாள்.

பேராசிரியை அலமாரியிலிருந்து மால்டோஸ் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நின்னுக்கிட்டே இருந்தா? அதுங்களுக்குப் பசிக்கும். போடு.”

அவள் வாங்கிச் செல்வினிடம் கொடுத்தாள்.