கடல் பார்க்க வந்தவர்கள்

"சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கேவா கடலு? இன்னும் காபி கூட போடல, சுபாஷ்" என்றாள் விஜயலட்சுமி.

"வெயில் ஏறிட்டா மணல்ல கால் வெக்க முடியாது அண்ணி. கெளம்புங்க."

சுபாஷ் அவள் கணவரின் தம்பி. சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மனைவி தங்கமணியுடன் முதல் நாள் இரவுதான் கடலூருக்கு வந்திருந்தான். வருவதாகத் தகவல் இல்லை. மல்லாட்டைக் கடலை பிடுங்கும் நேரத்தில் விவசாயிக்குக் கடல் பார்க்க ஆசை வருமா?

இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. சாலையில் மரம் வெட்டிப் போட்டவர்களைப் போலீஸ் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தது. அவள் கணவர் சிவசங்கரும் போலீஸ்காரர்தான். அந்த வேலையாகவே கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தார். அடுத்த மாதம் ஏட்டாகப் போகிறவர். அவர் வீட்டிலேயே மரம் வெட்டிய தம்பி ஒளிந்திருந்தால்?

தேவனாம்பட்டினத்தில் சுபாஷ் கூட்டம் இருந்த பக்கமே போகவில்லை. தூரத்தில், ஒரு படகின் மறைவில் துண்டை விரித்தான். இரண்டு போலீஸ்காரர்கள் கரையோரம் நடந்து வந்தார்கள். அவன் குடையை அந்தப் பக்கம் சாய்த்தான்.

"வெயிலு இந்தப் பக்கம் அடிக்குது. குடை ஏன் அங்க போவுது?"

"கண்ணு கூசுது அண்ணி."

தங்கமணி கால் கூட நனைக்கவில்லை.

"கடலு உன் பின்னால இருக்குது. நீ ரோட்டப் பாத்துக்கினு இருக்கற" என்றாள் விஜயலட்சுமி. தங்கமணி சிரிக்கவில்லை.

இருட்டிய பிறகுதான் திரும்பினார்கள். முன்வாசல் பூட்டைத் தொட விடாமல், கொல்லை வழியாக அழைத்துப் போனான் சுபாஷ்.

ஞாயிறு விடிந்ததும், "இன்னிக்கு பாண்டிச்சேரி" என்றான்.

"நேத்து பாத்தது போதாதா? அங்க இன்னா, உப்பு கம்மியா?"

"வாங்கக்கா, பாத்துட்டு வரலாம்" என்று தங்கமணி கையைப் பிடித்தாள்.

பஸ் எல்லையைத் தாண்டும்போது விஜயலட்சுமிக்குப் புரிந்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் இங்கே வந்து சட்டென்று யார் மேலும் கை வைக்க முடியாது. சிவசங்கரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

கடற்கரையில் இறங்கியதும் கேட்டுவிட்டாள்.

"எத்தினி மரம் சாய்ச்ச?"

"இன்னா அண்ணி?"

"நடிக்காத. அந்த மனுசன் வேலைக்கு உலை வெக்கத்தான் எங்கூட்டுக்கு வந்தியா? போலீஸ் தேடுதா இல்லியா?"

சுபாஷ் மணலைப் பார்த்தான். "தேடுது."

"அப்ப இப்பவே ஊருக்குக் கெளம்பு. இல்ல, நானே போய் ஸ்டேஷன்ல சொல்லிடுவேன்."

"அய்யோ அக்கா, அங்க மட்டும் போயிடாதீங்க!" தங்கமணி அழுதுவிட்டாள்.

"புருஷனக் காப்பாத்த அழுவுறியா? நானும் என் புருஷனுக்காகத்தான் பேசறேன்."

"அவ எனக்காக அழுவல, உங்க வூட்டுக்காரருக்காக அழுவுறா, அண்ணி" என்றான் சுபாஷ். "வெள்ளிக்கிழமை மரம் வெட்டுனவங்கள அள்ள நம்ம ஊருக்கே போலீஸ் வந்துச்சு. சொந்த ஊருன்னு தெரியாம அண்ணனையும் கூட்டத்தோட அனுப்பிட்டாங்க. அம்மா ஜீப்புக்குக் குறுக்க போய் நின்னுச்சு. அதிகாரி அம்மா மேல லத்திய ஓங்குனாரு. அண்ணன் அவரு கைய முறிச்சிட்டாரு."

விஜயலட்சுமி குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப கல்வராயன் மலைல கூட்டாளி வூட்ல இருக்காரு. உங்களப் புடிச்சு ஸ்டேஷன்ல உக்கார வெச்சா அவரு தானா எறங்கி வந்துடுவாருன்னு நேத்து காலைலேர்ந்து உங்க வூட்டுக்கு போலீஸ் வந்துக்கினு இருக்குதாம், பக்கத்து வூட்ல சொன்னாங்க. உங்கள அவங்க கண்ணுல படாம வெச்சிக்கச் சொல்லித்தான் எங்கள அனுப்புனாரு. இனிமே அந்த வூட்டுக்குப் போவ முடியாது. மலைக்கு வரீங்களா, அண்ணி?"