நான்காவது கட்டி

“அப்பா, நீங்க கையெழுத்துப் போட்டா பாலம் விழாதா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். நகராட்சிப் பொறியாளர் சிரித்து மழுப்பிவிட்டார்.

பள்ளிக்கூடத்துப் பாலத்துக்குக் கான்கிரீட் கொட்டிய அன்று, வலுவைச் சோதிக்க மூன்று கான்கிரீட் கட்டிகளும் வார்த்தார்கள். அவற்றை இயந்திரத்தில் நசுக்கிப் பார்க்கும் நாளில் நான்கு இருந்தன. நான்காவதில் தேதியைக் கீறியிருந்த கையெழுத்து, அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே இறந்துபோன, அதே பாலத்தில் வேலை செய்த கொத்தனாருடையது.

“நாலாவது எந்த வீட்டுப் பிள்ளையோ! எங்க மூணும் இரும்புங்க சார்” என்றார் ஒப்பந்தக்காரர்.

மூன்றும் தாங்கின. நான்காவது பொலபொலவென்று தட்டில் உதிர்ந்தது.

“சோதனைக் கட்டிக்கு மட்டும் நல்ல கலவை, பாலத்துக்குச் சிமெண்ட்டைக் குறைக்கிறாங்க சார்” என்று சாவதற்கு முன் சொல்ல வந்த அந்தக் கொத்தனாரை, “உன் வேலையப் பாருப்பா” என்று அனுப்பியவர் இதே பொறியாளர்தான்.

எல்லோரும் போனபின், பாலத்தை இடித்துக் கட்டச் சொல்லி உத்தரவு எழுதினார். புகார் தந்தவர் என்ற இடத்தில் கொத்தனாரின் பெயரை எழுதிக் கைகூப்பினார்.

நிமிர்ந்தபோது தட்டில் தூள் இல்லை. வேலை முடித்த கொத்தனார் தன் சாந்துச் சட்டியை வைப்பதுபோல், தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இன்னும் நீர் சொட்டியது.