முழங்கையில் ஒரு ஒட்டு

கத்தரிக்கோல் கோட்டின் முழங்கையில் இறங்கியதும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"ஐயையோ! என்னங்க பண்றீங்க?"

கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலது முழங்கையில் ஓட்டை போட்டு முடித்துவிட்டு, இடது பக்கம் திருப்பினார்.

கருநீலக் கோட்டு. பித்தளைப் பொத்தான் வைத்தது. கல்யாண நாளுக்காக அவள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தது. இன்னும் மடிப்புகூடக் கலையவில்லை.

"ஸ்டைல்," என்றார், ஊசியில் நூலைக் கோத்தபடி.

ஸ்டைலாம், ஸ்டைல்! கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டு வைத்துக்கொள்கிற மனிதர். கல்லூரிப் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே இஸ்திரி சார். பையன்கள் எப்படி நறுவிசாக உடுத்துவது என்று வாரா வாரம் செல்போனில் வீடியோ வேறு போடுகிறவர். அப்படிப்பட்டவர் பழைய பேன்ட் ஒன்றை வெட்டி, பழுப்புத் துணியை நீலக் கோட்டின் முழங்கையில் ஒட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்த்தார்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வார வீடியோ அதைவிட மோசம்.

"தம்பிகளா, காலேஜ் ஸ்டைல்னா என்ன தெரியுமா? புதுக் கோட்டை மொடமொடன்னு மாட்டிக்கிட்டு வந்தா துணிக்கடை பொம்மை மாதிரி இருக்கும். நாலு வருஷம் அதுலயே புரண்டு எழுந்த மாதிரி தெரியணும். முழங்கையில வேற கலர்ல ஒட்டு. சட்டைக் காலர் கொஞ்சம் நைஞ்சிருந்தா இன்னும் பிரமாதம். டையை லேசா தளர்த்தி விடுங்க. அவ்வளவுதான், ராஜா மாதிரி இருப்பீங்க!"

ஐம்பது வயதுக்கு மேல் இந்த மனுஷனுக்கு என்ன வந்தது? யாரை மயக்க இந்தக் கோலம்?

சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் மகனுடைய கோட்டு. அவனும் இவர் வகுப்பில்தான் படிக்கிறான்.

"அக்கா, இந்த அநியாயத்தப் பாருங்க! காலேஜுக்குக் கோட்டு கட்டாயம்னாங்களேன்னு நல்ல கடையாப் பாத்து வாங்கிக் குடுத்தேன். ரெண்டு கையையும் கிழிச்சு, என் ஜன்னல் திரையை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கான். ஏன்டான்னா, இஸ்திரி சார் சொன்னாருங்கறான். படிச்ச மனுஷன் செய்யற வேலையா இது? நாளைக்கே பிரின்சிபாலைப் பாத்து ரெண்டுல ஒண்ணு கேக்கப்போறேன்!"

"ஒரு நாள் பொறுங்க. நானே போய் அவரைக் கேக்கறேன்," என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் கல்லூரிக்கே போய்விட்டாள். வகுப்பறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள் அப்படியே திகைத்துப்போனாள்.

எல்லாப் பையன்களும் மேஜையில் கையூன்றி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அத்தனை முழங்கையிலும் ஒட்டு! பழுப்பு, பச்சை, கட்டம் போட்டது, பூப் போட்டது. அடப் பாவி மனுஷா, எத்தனை பெற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறாய்!

அவளைப் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்தார்.

"நீ எங்க இங்க?"

"பக்கத்து வீட்டம்மா பிரின்சிபால்கிட்ட போறேன்னு குதிக்கிறாங்க. வேலைக்கே உலை வெச்சுட்டீங்களே! இத்தனை நல்ல கோட்டையும் பாழாக்கி... நான் ஆசை ஆசையா வாங்கிக் குடுத்ததையும்..."

அவர் அவளை வாசலிலிருந்து தள்ளிக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வகுப்புல ஒருத்தன் கோட்டு மட்டும் நிஜமாவே கிழிஞ்சது. யாரோ போட்டுக் கழிச்சது. அதுல ஒட்டுப் போட்டுட்டு வந்தான். மொத்த வகுப்பும் சிரிச்சுது. எல்லாரையும் விட சத்தமா சிரிச்சது யார் தெரியுமா? நம்ம பக்கத்து வீட்டுப் பையன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல. வீட்டுக்குப் போனேன். படிப்பே வேணாம் சார்னுட்டான். புதுசு வாங்கித் தரேன்னேன். பிச்சை வேணாம் சார்னு கதவைச் சாத்திட்டான்."

"சிரிச்சவங்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே?"

"திட்டினா வாயை மூடுவாங்க. கண்ணு சிரிச்சுக்கிட்டே இருக்குமே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாருன்னு கேப்பே. சொல்லிட்டா, அவனை எங்க பாத்தாலும் உன் பார்வை நேரா அவன் கைக்குத்தான் போகும். தெரிஞ்சோ தெரியாமலோ போகும்."

"இப்போ வர்றானா?"

"உள்ளதான் இருக்கான். நீயே பாத்துக்கோ."

அவள் மறுபடி ஜன்னலோரம் போய் நின்றாள். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முழங்கையாகப் பார்த்தாள். நேர்த் தையல், கோணல் தையல், நூல் தொங்குகிற தையல். எவனோ ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் ஓங்கித் தட்டிச் சிரித்தான். கடைசி வரிசை வரைக்கும் போய்விட்டு, திரும்பவும் முதல் வரிசைக்கு வந்தாள்.

எவ்வளவு தேடியும் அவளால் அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை.